படுகைக் கரும்பும் பெரிய டயரும்

என் தம்பிக்கு வாய் முன்னால் ஓடும், யோசனை பின்னால் நடந்து வரும். ஒரு மார்கழி மாதம் அவன் வண்டியும் அதே போல ஓடி என்னைப் பாடாய்ப் படுத்தியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்த கோபத்தை அந்தக் கரையில் நின்றிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. மோகனூர்ப் பக்கம் காவிரியை ஒட்டி எங்கள் நிலம். ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே உயரமாக ஒரு மண்கரை போகிறது. அதன் மேல்தான் வண்டிப் பாதை. கரைக்கு ஊர்ப்பக்கம் இருந்த வயலில் காலங்காலமாக வாழையும் கரும்பும். ஆற்றுப்பக்கம் இருந்த படுகையில் மட்டும் கோரையும் மாட்டுப் புல்லும். இத்தனைக்கும் மண் கொழுத்துக் கிடந்தது படுகையில்தான். ஆனால் விளைந்ததை வெளியே கொண்டுவர வழி கிடையாது. ஆற்றில் தண்ணீர் போகிற மாதங்களில் படுகை அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் காய்ந்தது போலத் தெரியும், இறங்கின சக்கரம் அச்சு வரை புதையும். லாரிக்காரர்கள் கரை மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மேட்டூரில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். விவசாயம் என் தலையில். "ஏனுங்க, உங்கூருல தண்ணியத் தொறந்து வுட்டு இங்க எம்படுகைய நனைச்சுப் போடறாங்களே, நீங்க கேக்கப்படாதுங்களா?" என்று நான் சண்டைக்குப் போவேன். அணையின் சாவியே தன் இடுப்பில் தொங்குவது போல அவர் சிரித்துக்கொள்வார்.

அந்தப் படுகையில் கரும்பு நட வேண்டும் என்ற ஆசை எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருந்தது. நல்ல மண்ணில் கோரை நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மாமனாரிடம் சொன்னபோதெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"நட்டுப் போடுவ சாமி, அது ஆளொசரம் வளரவுஞ் செய்யும். அப்பறம் அத எப்படிக் கொண்டாருவ? கரும்பு என்ன தானா நடந்து ஆலைக்குப் போவுதா?"

அதற்கான பதில் என் தம்பியிடம் இருந்தது. அவன் அப்போதுதான் பட்டாளத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பழைய வண்டியை ஏலத்தில் எடுத்திருந்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பைப்பும் டீசலும் காட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பிழைப்பு. சாதாரண லாரியைப் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். இந்த வண்டியில் டிரைவர் காலடியில் ஒரு குட்டை லீவர் உண்டு. அதைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்துகொண்டு இழுக்கும். தம்பி அதற்கு முன்கியர் என்று பெயர் வைத்திருந்தான். காடு மேடு கல்லு முள்ளு எதிலும் போகும், அதற்குப் போகத் தெரியாத இடம் தண்ணீருக்கு அடியில் மட்டும்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"நீங்க நட்டுப் போடுங்கக்கா. ஆலைக்குக் கொண்டாந்து சேக்கறது என்ற பொறுப்பு" என்றான். அதுவும் மாமனார் காதில் விழும்படி.

கரும்பு தின்னக் கூலியா? அந்த வாரமே கோரையைக் கழித்து, உழுது, கரும்புக் கரணை நட்டுவிட்டேன். நட்ட பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. கரும்பு வளர வளர என் தம்பியின் சொல்லும் கூடவே வளர்ந்துகொண்டிருந்தது. ஊரில் யாரைப் பார்த்தாலும், "படுகைக் கரும்பு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பேச்சாக, "உங்க தம்பி வண்டி நல்லாருக்குதுங்களா?" என்பார்கள். கரும்பு வெளியே வராவிட்டால் எனக்கு ஒரு வருடத்து உழைப்பு போகும். அவனுக்கு இந்த ஊரில் அதற்குப் பிறகு சொல் என்று ஒன்று இருக்காது. மாமனார் மறுபடி கோரை போடச் சொல்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆறு அந்த வருடம் பெருகிப் படுகைக்குள் வரவில்லை, அது தெய்வச் செயல். கரும்பு நான் நினைத்ததைவிடப் பருத்து நின்றது. வெட்டுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, எதற்கும் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தம்பியை வரச் சொன்னேன். கரையிலிருந்து படுகைக்குச் சரிவாக ஒரு பாதை வெட்டி வைத்திருந்தேன். வெறும் வண்டியோடு ஜம்மென்று இறங்கினான். கரும்பு ஓரம் வரை போய்த் திரும்பும்போது வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கத்தான் செய்தது. இழுக்க இழுக்கத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. கடைசியில் மூன்று ஜோடி மாடு பூட்டி அதைக் கரையேற்றினோம். மாட்டை ஓட்டி வந்தவர் என் மாமனார்.

தம்பி அசரவில்லை. "டயர் சின்னதுங்கக்கா. அகலமா, ஒசரமாப் போட்டா அமுங்காது" என்றான். பத்து நாளில் எங்கிருந்தோ பெரிய பட்டாள லாரி ஒன்றின் டயர்களைப் பிடித்து வந்து மாட்டிவிட்டான். ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். வண்டி, அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்ட சின்னப் பையன் போல நின்றது. மறுபடியும் ஒத்திகை. இந்த முறை புதையவில்லை. அதே சமயம் நகரவும் இல்லை. முதல் கியரில் போட்டுக் கிளப்பினால் எஞ்சின் முக்கும், முனகும், அணைந்துவிடும். விடாப்பிடியாக அழுத்தினால் கிளட்ச் தீய்ந்து நாறும். பழைய குருடி, கதவைத் திறடி கதைதான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன்டா, பொதையற வண்டிய நகராத வண்டியா மாத்தறதுக்கா இந்தப் பாடு?" என்றேன்.

"வெசனப்படாதீங்கக்கா. சேலத்துல என்ற கூட்டாளி ஒருத்தரு இருக்கறாரு. கூட்டியாறேன்" என்றான்.

அந்தக் கூட்டாளி சேலத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். தம்பியைவிடக் கொஞ்சம் மூத்தவர், குண்டு உடம்பு, கழுத்தில் மாதா டாலர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியாமல் ஸ்பானரைத் தொடமாட்டார். தொட்டுவிட்டால் பிறகு சாப்பாட்டு நினைப்பே வராது. எங்கள் களத்தில் நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கூட்டுக்காரரு ஓட்டுவாரு. நான் பின்னாடி உக்காருவேன்" என்றேன்.

"அப்பச் சரி. சைக்கிளுக்கு லாரிச் சக்கரத்த மாட்டுனா மிதிக்க முடியுங்களா? ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் போகணும், அதனால கால் கடுக்கும். இங்க எஞ்சினுக்குக் கால் கடுக்குது. அவ்வளவுதான் விசயம்."

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கிறதே, அதற்குள் இரண்டு பல்சக்கரம். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் இருக்கிற சின்னது பினியன். சக்கரங்களைச் சுற்றுகிற பெரியது கிரவுன். பினியனில் பல்லைக் குறைத்து, கிரவுனில் கூட்டிவிட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் முன்னைவிட அதிகம் சுற்றிக்கொள்ளும். வேகம் போகும், பலம் வரும். "நமக்கு வேகம் எதுக்குங்க, படுகையில பந்தயமா உடப் போறோம்?" என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. மாவாட்டுகிறவளுக்கு இது புரியாதா?

அந்த மாதிரி பினியனும் கிரவுனும் புதிதாகக் கிடைக்காது. சேலத்தில் பழைய பட்டாள வண்டிகளை உடைத்து விற்கும் ஒரு கிடங்கில் அலைந்து, இதே சாதி வண்டி ஒன்றின் பின் அச்சிலிருந்து பிடித்து வந்தார்கள். இரண்டும் சேர்ந்தே பிறந்த ஜோடியாம். ஒன்றை எடுத்து வேறொன்றோடு சேர்த்தால் ஊளையிட்டே செத்துப்போகுமாம். நல்ல கனம். துடைத்து வைத்ததும் பாத்திரக் கடையில் வைத்த வெண்கலம் போல மினுங்கியது.

களத்தில் வேப்பமரத்தடியில் வேலை நடந்தது. வண்டியைத் தூக்கி மரக்கட்டை மேல் நிறுத்தி, எண்ணெயை வடித்து, அச்சின் இரண்டு கைகளுக்குள்ளும் இருக்கிற தண்டுகளை உருவி, பழைய ஜோடியை வெளியே எடுத்துப் புதியதைப் பூட்டினார்கள். பூட்டுவதில்தான் நுணுக்கமெல்லாம். இரண்டின் பல்லும் நடுவில் பொருந்தி உரச வேண்டும். ஓரத்தில் உரசினால் கொஞ்ச நாளில் பல் கொட்டிவிடும். எங்கே உரசுகிறது என்று பார்க்கப் பல்லில் தடவ ஒரு மசி உண்டு. அதைச் சேலத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தார் மெக்கானிக்.

"அக்கா, குங்குமம் இருந்தாக் கொஞ்சம் குடுங்க. வெளக்கெண்ணெயும்" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டையும் குழைத்துக் கிரவுனின் பற்களில் பட்டையாகத் தடவி, மெல்லச் சுற்றிப் பார்த்தார். உரசின இடத்தில் குங்குமம் விலகி, இரும்பு தெரிந்தது. ஓரமாக இருந்தது. ஒரு மெல்லிய தகட்டைச் சொருகி மறுபடி பூட்டினார், மறுபடி குங்குமம். இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமனார் வயலிலிருந்து வந்தார். குங்குமம் பூசின வட்ட இரும்பையும் அதைச் சுற்றி மண்டியிட்டிருந்த ஆட்களையும் பார்த்தார். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுக் கிட்டே வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது எந்தச் சாமிங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

மெக்கானிக் எழுந்து நின்று, "பலம் குடுக்கற சாமிங்க" என்றார், சிரிக்காமல்.

மாமனார் தலையாட்டிவிட்டுப் போனார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அன்று முழுக்கச் சோறு பரிமாறும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் வெறும் வண்டியைப் படுகையில் விட்டுப் பார்த்தார்கள். பின் சக்கரத்தின் பலத்திலேயே, முன்கியரைத் தொடாமலேயே போயிற்று, திரும்பிற்று, சரிவில் ஏறிற்று. எஞ்சின் முக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. மெக்கானிக்கைப் பஸ் ஏற விடாமல் பிடித்து வைத்துக் கோழி அடித்துப் போட்டேன். முதல் லோடு ஆலைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று தங்கிவிட்டார்.

அதற்கேற்றாற்போல ஆலையிலிருந்து வெட்டுவதற்கு ஆர்டரும் வந்தது. தைரியமாக ஆட்களை இறக்கினேன். பொழுது சாய்வதற்குள் படுகையில் பாதி கீழே படுத்துவிட்டது. கரும்பு நிற்கும் வரைக்கும்தான் நமக்குச் சொந்தம். வெட்டிவிட்டால் அது வெயிலுக்குச் சொந்தம். நாளாக ஆக எடை போகும், சாறு வற்றும், ஆலையில் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் காலையிலேயே லோடு ஏற்றச் சொன்னேன். கட்டுக் கட்டாக ஏற்றி, வண்டி கோபுரம் போல நின்றது. இந்தக் கனத்துக்குப் பின் சக்கரம் மட்டும் போதாதென்று தம்பி முன்கியரையும் போட்டான். வண்டி அசைந்தது. சேற்றைப் பிதுக்கிக்கொண்டு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, ஒரே மூச்சில் சரிவேறிக் கரை மேல் போய் நின்றது. வெட்டுகிற ஆட்களெல்லாம் குலவையிட்டார்கள். மாமனார்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. முன்கியரை எடுக்காமலே, கரைப் பாதையில் ஊர் பார்க்க ஓட்டிக்கொண்டு போனான். கொஞ்ச தூரம்தான் போயிருப்பான். வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. டயர் தரையைச் சுரண்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் அடியிலிருந்து டொக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினால் முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. முன்கியரை எடுக்கப் பார்த்தான். லீவர் சிமெண்டில் ஊன்றியது போல அசையாமல் நின்றது. தம்பி இரண்டு கையாலும் இழுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து போயிருந்த மெக்கானிக் உதைத்துப் பார்த்தார்.

நான் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்வதற்குள் வண்டிக்குப் பின்னால் மற்றவர்களின் மாட்டு வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. கரை அகலமே ஒரு வண்டி அகலம்தான். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் திருஷ்டி என்றார். ஒருவர் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒடைக்கறதா இருந்தா இவன் மண்டையத்தான் ஒடைக்கோணும்" என்று என் தம்பியைக் காட்டிச் சொன்னேன். பின்னால் திரும்பிப் பார்த்தால், படுகையில் என் கரும்பு வெயிலில் மல்லாந்து கிடக்கிறது. அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்பதற்காகக் கத்தினேன்.

மெக்கானிக் ஜாக்கியை எடுத்து முன் சக்கரம் ஒன்றுக்குக் கீழே வைத்தார். டயரில் ஏதோ சிக்கியிருக்கும் என்று நினைத்துத்தான் வைத்தாராம். ஏற்றினார். டயர் தரையை விட்டு விடுபட்டதுதான் தாமதம், அந்தச் சக்கரம், யாரும் தொடாமல், எஞ்சின் ஓடாமல், விருட்டென்று தானாகவே முன்பக்கம் சுற்றிவிட்டு நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். உள்ளே லீவர் தானாகத் தளர்ந்து தம்பியின் கையோடு வந்துவிட்டது.

மெக்கானிக் கையில் ஜாக்கிக் கம்பியோடு அப்படியே உட்கார்ந்தார்.

"மாதாவே... முன்னாடியும் ஒரு கிரவுன் இருக்குதுல்ல?" என்றார்.

எங்கள் பக்கத்தில் லாரியைப் பிரித்துக் கோக்கத் தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கோத்துவிடுவார்கள். அதுவே இங்கே வினையாகிவிட்டது. லாரி என்றால் பின்னாலிருந்து தள்ளுவது. முன் சக்கரம் வழி திரும்ப மட்டும். அந்தப் பழக்கத்தில் இரண்டு பேரும் பின் அச்சில் பல்லை மாற்றிவிட்டு, குங்குமம் வைத்து அழகு பார்த்துவிட்டு, எண்ணெயை ஊற்றி மூடிவிட்டார்கள். முன் அச்சிலும் அதே மாதிரி ஒரு பூசணிக்காய் இருப்பதை, அதற்குள் பழைய பல்லே இருப்பதை யாரும் நினைக்கவில்லை. முன்கியரைப் போட்டதும் முன் சக்கரம் ஓடப் பார்க்கிறது, பின் சக்கரம் நடக்கப் பார்க்கிறது. சேற்றில் ஒன்றுக்கொன்று வழுக்கிக்கொண்டு சமாளித்துவிட்டன. கெட்டித் தரைக்கு வந்ததும் வழுக்க இடமில்லாமல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டன.

முன்கியரை எடுத்துவிட்டதால் அந்த லோடு எப்படியோ ஆலைக்குப் போயிற்று. ஆனால் மீதியை எடுக்க முன்கியர் வேண்டும். இப்படியே சேற்றில் போட்டு மேட்டில் எடுத்து ஓட்டலாமா என்று தம்பி கேட்டான். இரண்டு லோடு தாங்கும், மூன்றாவது லோடில் எந்தப் பல் கொட்டும் என்று சொல்ல முடியாது, படுகை நடுவில் கொட்டினால் வண்டியும் அங்கேயே விளைய வேண்டியதுதான் என்றார் மெக்கானிக்.

"அப்ப முன்னாடிக்கும் ஒரு ஜோடி கொண்டாங்க" என்றேன்.

தம்பி திடீரென்று தலையில் கையை வைத்துக்கொண்டான். "அக்கா, அந்தக் கெடங்குல டீ குடிக்கறதுக்கு ஒரு இரும்பு மேல உக்காந்தமுங்கக்கா. அதுதான் நாங்க பல்லு எடுத்த அந்த வண்டியோட முன் அச்சு."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது கேள்விப்பட்டிருக்கிறேன். வெண்ணெய் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கிடங்கில் பழைய இரும்பை கேஸ் வைத்து அறுத்து உருக்காலைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அது இன்னும் இருக்குமோ இருக்காதோ. மறுநாள் விடியலில் முதல் பஸ்ஸுக்கு இரண்டு பேரையும் துரத்தினேன். நான் படுகைக்குப் போனேன். வெட்டின கரும்பின் மேல் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, கனமாகப் பரப்பி மூடச் சொல்லி, பெண்களை வரிசையாக நிறுத்தி, ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்க வைத்தேன். மாமனார் வந்து நின்று பார்த்தார். ஏதாவது சொல்வார், சொன்னால் நானும் பதிலுக்குச் சொல்லிவிடுவது என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குடத்தை எடுத்தார்.

"காயாமப் பாத்துக்கோ சாமி. மேக்கால பாரு, சோக பத்தல" என்றார். நான் ஒரு கட்டுச் சோகையைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினேன்.

சாயங்கால பஸ்ஸிலிருந்து தம்பி இறங்கினபோது, அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பஸ்ஸின் கூரையைப் பார்த்தேன். சாக்கில் சுற்றின மூட்டை ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் கரி. அச்சின் ஒரு கையை ஏற்கெனவே அறுத்துவிட்டார்களாம். நடுவில் இருந்த உருண்டை மட்டும் தப்பியிருக்கிறது.

முன் அச்சைப் பிரிப்பது பின் அச்சு மாதிரி சுலபமில்லை. சக்கரம் திரும்ப வேண்டும் என்பதால் அங்கே கூடுதலாக நூறு சங்கதி. விடிந்ததும் ஆரம்பித்து மறுநாள் பொழுது சாய்கிற வரை ஆயிற்று. குங்குமம் தீர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டில் வாங்கினோம். இந்த முறை நான் அவர்களை நம்புவதாக இல்லை. நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, முன்கியரைப் போட்டு, எஞ்சினை மெல்ல ஓட விடச் சொன்னேன். முன்னால் ஒரு டயரிலும் பின்னால் ஒரு டயரிலும் கோலமாவால் நானே கோடு போட்டேன். வண்டியை விட்டுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கோடும் ஒன்றாக மேலே வந்தன, ஒன்றாகக் கீழே போயின. துளிகூட ஒன்றையொன்று முந்தவில்லை.

"திருப்திங்களாக்கா?" என்றார் மெக்கானிக்.

"ஆலைக்குப் போய்ச் சேரட்டும், சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலையில் ஆட்கள் ஒரு பக்கம் மீதியை வெட்ட, ஒரு பக்கம் வண்டி ஏற்றிக்கொண்டு போயிற்று. சேற்றில் ஏறிற்று, கரையில் ஓடிற்று, வெறுமையாகத் திரும்பி வந்தது, மறுபடி ஏற்றிற்று. மாட்டு வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மெதுவாகத்தான் போயிற்று, நடந்து போகிறவர்கள் அதோடு பேசிக்கொண்டே போகலாம். யாருக்கு என்ன அவசரம்? முந்தி வெட்டினதுதான் முதலில் போக வேண்டும் என்று நான் அங்கேயே நின்றுகொண்டேன். மூடி வைத்திருந்த சோகையை விலக்கி ஒவ்வொரு கட்டாக நானே தொட்டுப் பார்த்து ஏற்றினேன். பச்சை போகவில்லை. ஒடித்துப் பார்த்தால் சாறு கையில் வழிந்தது.

கடைசி லோடில் நானும் ஏறிக்கொண்டேன். மெக்கானிக் எனக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டுக் கரும்பின் மேலே போய் உட்கார்ந்தார். கரையிலிருந்து திரும்பிப் பார்த்தால் படுகையில் ஒரு கரும்பு இல்லை. அறுத்த கட்டைகளும் சோகையும்தான். மாமனார் ஒற்றை ஆளாக நடுவில் நின்று சோகையைக் காலால் விலக்கிக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலையில் எங்கள் முறை வர நேரமாயிற்று. மாட்டு வண்டிகளுக்கு நடுவே எங்கள் வண்டி அந்தப் பெரிய டயர்களோடு நின்றதைப் பார்க்க ஆட்கள் வந்து வந்து போனார்கள். தம்பி ஒவ்வொருவருக்கும் பினியன் கதையைச் சொன்னான். முன் அச்சின் மேல் உட்கார்ந்து டீ குடித்ததை மட்டும் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். எங்கள் முறை வந்து, கரும்பைச் சரித்து அரவைக்குப் போகிற பட்டையில் தள்ளினார்கள். என் படுகைக் கரும்பு வரிசையாக மேலே ஏறி உள்ளே போனது. ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது எங்கிருந்து வந்ததோ, அங்கேயே நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன்.

தம்பி பயந்துபோனான். "ஏனக்கா, எதுக்கு அழுவறீங்க? அதுதான் எல்லாம் வந்துருச்சே" என்றான்.

"வந்துருச்சுன்னுதான்டா அழுவறேன்" என்றேன்.

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் எல்லாம் குங்குமமும் கிரீஸும். பிறகு, "அந்தக் கட்டையவே மறுபடி துளுக்க வுட்டு மறுதாம்பு எடுக்கப் போறீங்களாக்கா, இல்ல உங்க மாமனாரு கோரை போடறதுங்கறாரா?" என்று மெல்லக் கேட்டான்.

நாங்கள் வீடு திரும்பும்போது, மாமனார் படுகையில் சோகையை ஒதுக்கிவிட்டு, மறுதாம்புக்கு முதல் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.